பக்கத்துல ஸ்டேடியம், தூரத்துல டீம்: தர்மபுரியில் ஐபிஎல் தொடங்கும் மாசம்

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்ன தூரக் கணக்கோட ஆரம்பிக்கலாம்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல இருந்து பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் சுமார் 130 கிலோமீட்டர். அதே பஸ் ஸ்டாண்டுல இருந்து சென்னை சேப்பாக்கம் சுமார் 300 கிலோமீட்டர். காலைல இட்லி சாப்பிட்டுக் கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி பெங்களூரு போயிடலாம். சென்னைன்னா ஒரு முழு நாள் பொழப்பு போயிடும். எங்க ஊர்க்காரங்க வேலைக்குப் போறதும் பெரும்பாலும் பெங்களூருக்குத்தான். கட்டட வேலை, கம்பெனி வேலை, இப்போ என்னை மாதிரி ஐடி வேலை.

ஆனா மார்ச் கடைசியில ஐபிஎல் தொடங்கினதும் எங்க தெருவுல வெளியே வர்ற சட்டை மஞ்சள் சட்டை. சம்பளம் கொடுக்கிற ஊரோட டீம் ஒண்ணு, மனசுல இருக்கிற டீம் வேற ஒண்ணு.

இன்னைக்கு நாம பேசப்போறது இந்த ரசிகனைப் பத்தி. சீசன் தொடங்குற அந்த ரெண்டு மூணு வாரத்துல தர்மபுரி மாவட்டத்துல ஒரு தீவிர கிரிக்கெட் ரசிகனோட அன்றாடம் எப்படி இருக்கு, அது இப்படி ஆனதுக்குப் பின்னாடி என்ன வரலாறு இருக்குன்னு பார்க்கலாம். தேடிப் போனப்போ எனக்கே ஆச்சரியமா இருந்த விஷயம் ஒண்ணு உண்டு. இந்தக் கதையில பந்தைவிட அதிகமா வர்றது தண்ணி.

வால்வு சாவியும் மேட்ச் அட்டவணையும்

என்னோட தாய்மாமா பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்துல டேங்க் ஆபரேட்டர். ஊராட்சியோட மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டு தண்ணி ஏத்துறது, தெருத் தெருவா வால்வைத் திறந்து விடுறது, மாசத்துல ரெண்டு தடவை தொட்டிக்குள்ள இறங்கிக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடுறது, இதெல்லாம் அவர் வேலை. சம்பளம் குறைவு, திட்டு அதிகம். ஊர்ல எல்லாருக்கும் அவர் போன் நம்பர் தெரியும்.

அவர் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர். ரசிகர்னா எந்த அளவுக்குன்னா, மோட்டார் ரூம் கதவுக்கு உள்பக்கம் பேப்பர்ல வந்த ஐபிஎல் அட்டவணை ஒட்டியிருக்கும். அதுக்குப் பக்கத்துலயே எந்தத் தெருவுக்கு எந்த நாள் தண்ணின்னு அவர் கையெழுத்துல இன்னொரு அட்டவணை. சீசன் தொடங்குறதுக்கு முந்தின வாரம் ரெண்டையும் வெச்சுக்கிட்டு ஒரு வேலை பண்ணுவார். சிஎஸ்கே மேட்ச் இருக்கிற நாளையெல்லாம் சிவப்புப் பேனால வட்டம் போட்டு, அன்னைக்கு சாயந்திரத் தண்ணியை ஆறு மணியில இருந்து அஞ்சு மணிக்கு மாத்திடுவார். ஏழு மணிக்கு டாஸ். அதுக்குள்ள கடைசித் தெரு வால்வையும் மூடிட்டு, குளிச்சுட்டு, டிவி முன்னாடி உட்காரணும். மத்தியானம் மூணரைக்கு மேட்ச்னா தண்ணியைக் காலையிலயே முடிச்சுடுவார்.

பங்குனி வெயில் ஏறுற நேரம் அது. வீட்டுத் திண்ணையில அத்தையும் பாட்டியும் புளி தட்டிக்கிட்டு இருப்பாங்க. ஓட்டை உடைச்சு, நார் எடுத்து, கொட்டை நீக்கி உருண்டையா பிடிச்சு வெப்பாங்க. தோப்புல மாங்கா காய் பெருத்துட்டு இருக்கும். கிணத்துத் தண்ணி தினம் ஒரு படி கீழ போகும். போர்ல மோட்டார் போட்டா முதல்ல காத்துதான் வரும்.

இந்த மாசத்துல ஒரு டேங்க் ஆபரேட்டரோட நாள் நாலரை மணிக்கே தொடங்கிடும். ராத்திரி மேட்ச் கடைசி ஓவர் வரைக்கும் போச்சுன்னா தூங்குறதுக்குப் பதினொன்றரை, பன்னண்டு. நடுவுல அஞ்சு மணி நேரம்கூடத் தூக்கம் இல்ல. அத்தை திட்டுவாங்க. "எட்டு வாரம்தானே"ன்னு அவர் சொல்லுவார். அதே பதில், வருஷா வருஷம்.

சீசன் தை மாசத்துல இருந்த காலம்

மாமாவுக்கு இப்போ அம்பது வயசு தாண்டியாச்சு. அவர் சின்னப் பையனா இருந்தப்போ கிரிக்கெட் சீசன்னா வெயில் கிடையாது, பனி. சேப்பாக்கத்துல பொங்கல் சமயத்துல நடக்கிற டெஸ்ட் மேட்ச்தான் தமிழ்நாட்டுக்குப் பெரிய திருவிழா. அதை எங்க ஊர்ல பார்த்தவங்க யாரும் கிடையாது. கேட்டவங்கதான். வானொலியில தமிழ் வர்ணனை வந்த பிறகு அப்துல் ஜப்பார் மாதிரியானவங்க குரல் வழியா பந்து எங்க போச்சுன்னு காதாலயே பார்த்தாங்க. டிரான்சிஸ்டரை மாட்டுக் கொட்டகைத் தூண்ல மாட்டிவிட்டு வேலை பார்த்ததா மாமா சொல்லுவார்.

அப்போ ரசிகனுக்கு டீம்னா இந்தியா ஒண்ணுதான். ரஞ்சி கோப்பையை தமிழ்நாடு 1987-88 சீசன்ல ஜெயிச்சது. மதராஸ்ங்கிற பேர்ல 1954-55ல ஜெயிச்சதுக்கு அப்புறம் முப்பத்து மூணு வருஷம் கழிச்சுக் கிடைச்ச கோப்பை. கிராமத்துல அதுக்குப் பட்டாசு வெடிச்ச மாதிரி ஞாபகமே இல்லைன்னு மாமா சொல்றார். அதே ஆள் 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில நம்ம ஸ்ரீகாந்த் அடிச்ச 38 ரன்தான் ரெண்டு டீமுக்கும் சேர்த்து அதிகபட்சம்ங்கிறதைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

அதாவது "எங்க டீம்" அப்படின்னு ஒரு ஊர்ப் பாசம் கிரிக்கெட்டுக்குள்ள அப்போ கிராமம் வரைக்கும் வரல. அது வந்தது 2008ல. வந்த மாசம் ஏப்ரல்.

அந்த மாசத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அமெரிக்காவுல பேஸ்பால் சீசனும் மார்ச் கடைசி, ஏப்ரல் வாக்குலதான் தொடங்குது. அங்க அந்த முதல் நாளுக்கு ஒரு பண்டிகை அந்தஸ்து உண்டு. 1910ல டாஃப்ட் தொடங்கி வெச்ச வழக்கப்படி பல ஜனாதிபதிகள் மைதானத்துக்கு வந்து முதல் பந்தை வீசியிருக்காங்க. அந்த நாட்டு ரசிகனுக்கு அது பனி உருகி, புல் பச்சையாகி, வீட்டை விட்டு வெளிய வர்ற காலம். நம்ம ஊர்ல அதே ஏப்ரல்ல புல் காயும். சர்வதேச மேட்ச் குறைவா இருக்கும், பள்ளிக்கூடம் லீவு, சாயந்திரம் எல்லாரும் வீட்டுல இருப்பாங்கன்னு பார்த்து வெச்ச சீசன், நாட்டுல பாதி ஊர்ல குடம் வரிசையில நிக்கிற காலத்துல வந்து உட்கார்ந்துச்சு.

2008: ஒரே மாசத்துல ரெண்டு தொடக்கம்

தர்மபுரியோட தண்ணிப் பிரச்சினை வெறும் பற்றாக்குறை மட்டும் கிடையாது. எங்க நிலத்தடிப் பாறையில ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கு. போர் ஆழமா போகப் போக, தண்ணி பாறையோட கிடந்து கிடந்து அந்த ஃபுளோரைடை இழுத்துக்கும். ஒரு லிட்டர்ல 1.5 மில்லிகிராம் வரைக்கும்தான் அனுமதிக்கப்பட்ட அளவு. அதைத் தாண்டின தண்ணியைச் சின்ன வயசுல இருந்து குடிச்சா பல்லுல பழுப்புக் கோடு விழும். இன்னும் பல வருஷம் குடிச்சா மூட்டும் முதுகும் இறுகிப் போகும். காய்ச்சினாலும் போகாது. எங்க குடும்பத்துப் பழைய கல்யாண ஆல்பத்துல நிறைய பேர் வாயை மூடிக்கிட்டுச் சிரிப்பாங்க. எதுக்குன்னு சின்ன வயசுல எனக்குப் புரியல.

இத்தனைக்கும் காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையுறது எங்க மாவட்டம் வழியாத்தான். ஒகேனக்கல்ல அருவியா கொட்டிட்டு மேட்டூருக்குப் போயிடும். அந்தத் தண்ணியைச் சுத்திகரிச்சு தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குடிக்கக் கொடுக்கணும்ங்கிறதுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 1998லயே மத்திய அரசு ஒப்புதல் கிடைச்சிருந்தும் ஜப்பான் கடனுதவியோட வேலை நகர ஆரம்பிச்சது 2008ல. அந்த பிப்ரவரியில முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். அதே பிப்ரவரியில 20ஆம் தேதி ஐபிஎல்லோட முதல் ஏலம். சென்னை 15 லட்சம் டாலர் கொடுத்து தோனியை வாங்கினது அன்னைக்குத்தான்.

மார்ச்ல கர்நாடகத்துல திட்டத்துக்கு எதிர்ப்பு கிளம்புச்சு. அங்க தேர்தல் நேரம் வேற. பெங்களூருல தமிழ்ப் படம் ஓடுற தியேட்டர்கள் முன்னாடி போராட்டம் நடந்தது. ஏப்ரல் 4ஆம் தேதி சென்னையில தமிழ்த் திரையுலகம் உண்ணாவிரதம் இருந்தது. மறுநாள் கருணாநிதி, கர்நாடகத் தேர்தல் முடிஞ்சு புது அரசு வர்ற வரைக்கும் திட்டத்தைத் தள்ளி வைக்கிறதா அறிவிச்சார்.

அதுல இருந்து பதிமூணாவது நாள், ஏப்ரல் 18, ஐபிஎல் தொடங்குச்சு. எங்க? பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துல. மெக்கல்லம் 73 பந்துல 158 அடிச்ச ராத்திரி அது. பெங்களூரு டீம் 82 ரன்னுக்கு ஆல் அவுட்.

எனக்கு அப்போ பதினோரு வயசு. மாமா வீட்டுல அரசாங்கம் இலவசமா கொடுத்த கலர் டிவி இருந்தது. அதுக்கு முன்னாடி பதினஞ்சு பேர் உட்கார்ந்திருந்தோம். பெங்களூரு விக்கெட் ஒவ்வொண்ணா விழுறப்போ எழுந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. எங்க யாருக்கும் கொல்கத்தா மேல எந்தப் பாசமும் கிடையாது. அந்த மாசம் பேப்பர்ல படிச்ச எல்லாத்துக்கும் சேர்த்து நாங்க கத்தினோம். மறுநாள் மொஹாலியில சென்னையோட முதல் மேட்ச். ஹஸ்ஸி 116 அடிச்சார், சென்னை 240. அன்னைக்குத்தான் எங்க தெரு மஞ்சளாச்சு.

சிஎஸ்கே ரசிகர்னா தோனி, சென்னை, விசில்னு மட்டும் சொல்லுவோம். தர்மபுரியில அதுக்குள்ள இன்னொரு கலவையும் இருக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் இல்லாத டீம் ஒண்ணு நமக்கு வேணும்ங்கிற தேவை. அது அழகான உணர்ச்சின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா 2008 ஏப்ரல் எங்க ஊர்ல அப்படித்தான் இருந்தது.

திட்டம் நின்னு போகல. சுமார் 1,900 கோடி ரூபாய் செலவுல வேலை முடிஞ்சு, 2013 மே கடைசியில முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வெச்சார். அதே வாரத்துலதான் சென்னை கொல்கத்தாவுல நடந்த இறுதிப் போட்டியில மும்பைகிட்ட தோத்தது. மாமாவுக்கு அந்த வாரம் கோப்பை போன துக்கத்தைவிட புதுக் குழாய்ல முதல் முதலா காவிரி வந்த பரபரப்புதான் அதிகம். ஊரே குடத்தோட நின்னுச்சு. எங்க ஊர்ல அப்போல இருந்து விசில் சத்தத்துக்கு ரெண்டு அர்த்தம். ராத்திரி கேட்டா சென்னை ஜெயிச்சுடுச்சு, காலைல கேட்டா மாமா வால்வைத் திறந்துட்டார்.

டீம் இல்லாத ரெண்டு வருஷம்

2015 ஜூலை 14ஆம் தேதி லோதா குழு, சூதாட்ட விவகாரத்துல சென்னை, ராஜஸ்தான் ரெண்டு டீமையும் ரெண்டு வருஷம் தள்ளி வெச்சது. 2016, 2017 சீசன்ல மாமாவோட மோட்டார் ரூம் கதவுல தண்ணி அட்டவணை மட்டும்தான் இருந்தது.

அந்த ரெண்டு வருஷமும் வேற வகையிலயும் மோசம். 2016 ஏப்ரல்ல மகாராஷ்டிராவுல கடும் வறட்சி. குடிக்கத் தண்ணி இல்லாத மாநிலத்துல பிட்ச்சுக்குத் தண்ணி ஊத்துறதான்னு கேட்டு வழக்குப் போட்டாங்க. ஏப்ரல் மாசத்துக்கு அப்புறம் இருந்த ஐபிஎல் மேட்ச்சுகளை மாநிலத்தை விட்டு வெளியே கொண்டு போகச் சொல்லி பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதே வருஷம் செப்டம்பர் 12ஆம் தேதி, காவிரித் தீர்ப்பை ஒட்டி பெங்களூருல கலவரம். தமிழ்நாட்டு நம்பர் பிளேட் போட்ட வண்டிகளும் பஸ்களும் எரிஞ்சது. எங்க ஊர்ல இருந்து கட்டட வேலைக்குப் போனவங்க ஒசூர் எல்லை வரைக்கும் நடந்து வந்த கதையெல்லாம் இருக்கு. அந்த வருஷக் கடைசியில வடகிழக்குப் பருவமழையும் பொய்த்துப் போய், 2017 ஜனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சி அறிவிச்சாங்க.

அந்த 2017 சீசன்ல எங்க பகுதிக்கு இருந்த ஒரே சந்தோஷம் நடராஜன். பக்கத்து சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில டென்னிஸ் பந்துல ஆடி வளர்ந்தவரை பஞ்சாப் டீம் 3 கோடிக்கு எடுத்தது. டிவியில தெரியுற ஆள் நம்ம பக்கத்து ஊர் மாதிரி ஒரு ஊர்ல இருந்து வந்தவர்ங்கிறது எங்க தலைமுறைக்குப் புதுசு.

ஏப்ரல் 10, 2018

2018ல டீம் திரும்பி வருது. இங்கதான் கதை சிக்கலாகுது.

அந்த பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் காவிரி வழக்குல இறுதித் தீர்ப்பு கொடுத்தது. தமிழ்நாட்டுக்கு நடுவர் மன்றம் சொன்ன 192 டிஎம்சி 177.25 ஆகக் குறைஞ்சது. குறைஞ்ச 14.75ல 4.75 டிஎம்சி பெங்களூரோட குடிநீருக்கு. மீதி 10, காவிரிப் படுகையில தமிழ்நாட்டுக்கு நிலத்தடி நீர் இருக்குங்கிற காரணத்துக்கு. அது டெல்டாவோட நிலத்தடி நீர்ங்கிறது மாமாவுக்குத் தெரியும். இருந்தாலும் "நிலத்தடி நீர் இருக்காமாம்டா மாப்ள"ன்னு சொல்லி தன்னோட பல்லைத் தொட்டுக் காட்டினார்.

தீர்ப்பைச் செயல்படுத்த மத்திய அரசுக்கு ஆறு வாரம் கொடுத்திருந்தாங்க. அது மார்ச் 29ஆம் தேதி முடிஞ்சது. வாரியம் வரல. ஏப்ரல் 5ஆம் தேதி மாநிலம் முழுக்க முழு அடைப்பு. ஏப்ரல் 7ஆம் தேதி மும்பையில ஐபிஎல் தொடக்கம், பிராவோ அடிச்ச அடியில சென்னை ஒரு விக்கெட்ல ஜெயிச்சது. ஏப்ரல் 10ஆம் தேதி சேப்பாக்கத்துல முதல் மேட்ச்.

மாநிலமே காவிரிக்காகத் தெருவுல நிக்கிறப்போ சென்னையில கிரிக்கெட் கொண்டாட்டமான்னு கேட்டு போராட்டக்காரங்க அண்ணா சாலையை மறிச்சாங்க. சுமார் நாலாயிரம் போலீஸ் பாதுகாப்புல மேட்ச் நடந்தது. உள்ள பவுண்டரி ஓரம் நின்ன ஜடேஜா பக்கம் ஷூ வந்து விழுந்தது. அதே ஜடேஜா கடைசி ஓவர்ல சிக்ஸ் அடிச்சு 203 ரன் இலக்கை முடிச்சு வெச்சார். மறுநாளே மீதி ஆறு ஹோம் மேட்ச்சையும் புனேவுக்கு மாத்திட்டாங்க.

நான் அப்போ இன்ஜினியரிங் கடைசி செமஸ்டர், ப்ராஜெக்ட்டுக்காக பெங்களூருல இருந்தேன். கோவத்துல ஒரு நீளமான போஸ்ட் போட்டேன். விளையாட்டையும் அரசியலையும் கலக்காதீங்கன்னு. நூத்துக்கணக்குல லைக். அந்தப் பெருமையில மாமாவுக்கு போன் பண்ணேன்.

அவர் அன்னைக்குக் காலைல பென்னாகரத்துல நடந்த ஆர்ப்பாட்டத்துல நின்னுட்டு வந்திருந்தார். சாயந்திரம் அஞ்சு மணிக்கே தண்ணி விட்டுட்டு முழு மேட்ச்சும் பார்த்திருந்தார். "ரெண்டும் எப்படி மாமா?"ன்னு கேட்டேன்.

"தண்ணி விடுறவன்டா நான். ஆர்ப்பாட்டத்துக்குப் போகலைன்னா ஊர்ல எவன் மூஞ்சியில முழிக்கிறது? மேட்ச் பார்க்கலைன்னா நான் எப்படித் தூங்குறது?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "ஆனா ஷூ வீசியிருக்கக் கூடாது. அந்தப் பையன் என்ன பண்ணான்"ன்னார். அப்புறம் அவரே, "பெங்களூருல மேட்ச் நிக்காம நடக்குது பாரு. இங்கதான் நமக்கு நாமே நிறுத்திக்கிறோம்"னார். அடுத்த நிமிஷமே, "நிறுத்தலைன்னா டெல்லியில எவன் திரும்பிப் பார்த்திருப்பான்"னும் அவரே சொன்னார். ஒரு முடிவுக்கும் வராம போனை வெச்சுட்டார். நான் போட்ட போஸ்ட்டை ராத்திரி அழிச்சேன். அதுல தப்பா ஒரு வரியும் இல்லைன்னு இப்பவும் தோணுது. ஆனா அதை எழுதினவனுக்கு அந்த மாசம் குடிக்கத் தண்ணி இருந்தது.

புனேவும் புரூக்ளினும்

டீம் ஊரை விட்டுப் போறது உலகத்துல புதுசு இல்ல. நியூயார்க்கோட புரூக்ளின் பகுதியில டாட்ஜர்ஸ்னு ஒரு பேஸ்பால் டீம் இருந்தது. கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனை 1947ல களத்துல இறக்கி வரலாறு படைச்ச டீம். 1957 சீசன் முடிஞ்சதும் அது அப்படியே நாட்டோட இன்னொரு கோடியில இருக்கிற லாஸ் ஏஞ்சலஸுக்குப் போயிடுச்சு. 1960ல பழைய மைதானத்தை இடிச்சாங்க. அடுத்த ஏப்ரல் வந்தப்போ அந்த ரசிகர்களுக்குப் போறதுக்கு இடமே இல்ல.

சென்னை ரசிகனுக்கு அந்த அளவுக்குப் போகல. ஏப்ரல் 19ஆம் தேதி சுமார் ஆயிரம் ரசிகர்கள் தனி ரயில்ல சென்னையில இருந்து புனே போனாங்க. மறுநாள் வாட்சன் சதம் அடிச்சார். ஆனா தண்ணி அங்கயும் பின்னாடியே வந்தது. பவனா அணைத் தண்ணியை புனே மைதானத்துக்கு எடுக்கக் கூடாதுன்னு பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஏப்ரல்லயே தடை போட்டிருந்தது. காவிரிக்காக ஊரை விட்டுப் போன டீம், இன்னொரு ஆத்துத் தண்ணி வழக்குக்கு நடுவுல போய் ஆடுச்சு.

தர்மபுரி ரசிகனுக்கு அந்த வருஷம் தூரக் கணக்கு இன்னும் விசித்திரமாச்சு. ஹோம் கிரவுண்ட் புனேன்னு ஆனதால, மஞ்சள் சட்டையை நேர்ல பார்க்கப் பக்கமான இடம் பெங்களூரு. ஏப்ரல் 25ஆம் தேதி சின்னசாமியில பெங்களூரு, சென்னை மேட்ச். நான் ரெண்டு டிக்கெட் எடுத்தேன். 2016க்கு அப்புறம் பெங்களூரு பக்கமே வராத மாமா ரயில்ல வந்தார். மஞ்சள் சட்டை பைக்குள்ள இருந்தது. கேட்டுக்கு உள்ள போய் சுத்திப் பார்த்து, பாதி ஸ்டாண்டு மஞ்சளா இருக்கிறதைப் பார்த்த பிறகுதான் எடுத்துப் போட்டார்.

பக்கத்து சீட்ல சிவப்புச் சட்டையில ஒரு வயசானவர். கன்னடம் கலந்த தமிழ்ல எந்த ஊருன்னு கேட்டார். மாமா ஒரு நொடி யோசிச்சுட்டு தர்மபுரின்னார். "ஓ, ஹொகேனக்கல்! அங்க மீன் நல்லா இருக்கும்"னார் அவர். புகை, கல்னு அர்த்தம் வர்ற கன்னடப் பேர்தான் அந்த அருவிக்கு. அப்புறம் ரெண்டு பேரும் மீன் பத்திப் பேசினாங்க, பரிசல் பத்திப் பேசினாங்க. தண்ணி பத்தி ரெண்டு பேருமே வாயைத் திறக்கல. டிவில்லியர்ஸ் அடிச்சப்போ அவர் எழுந்து நின்னார். தோனி 34 பந்துல 70 அடிச்சு, கடைசியில சிக்ஸ்ல முடிச்சப்போ மாமா எழுந்து நின்னார். போறப்போ அந்தப் பெரியவர் கையைக் கொடுத்துட்டுத்தான் போனார்.

சென்னை மே 27ஆம் தேதி கோப்பையை ஜெயிச்சது. காவிரி நீர் மேலாண்மை ஆணையம் ஜூன் 1ஆம் தேதி அரசிதழ்ல வந்தது. நடுவுல அஞ்சு நாள்தான்.

இப்போ

2024 மார்ச்ல பெங்களூருல பெரிய தண்ணிப் பஞ்சம் வந்தது ஞாபகம் இருக்கும். எங்க அபார்ட்மென்ட்ல ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்தான் குழாய். அந்த சீசன்ல சின்னசாமி மைதானத்துப் புல்லுக்குச் சுத்திகரிச்ச கழிவு நீரைத்தான் பயன்படுத்தினாங்க. சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்துல இருந்து மேட்டுல ஏத்திக் கொண்டு வர்ற காவிரிதான் அந்த ஊருக்குக் குடிநீர். ஒகேனக்கல்ல எடுக்கிற அதே காவிரிதான் எங்க ஊருக்கும் குடிநீர். வேலைக்கு இங்க வந்த பிறகு நான் குடிச்சதும் அதே ஆறு, விட்டுட்டு வந்த வீட்டுல குடிக்கிறதும் அதே ஆறு. இதை நான் கவனிச்சதே அந்த வருஷம்தான்.

ஊர்ல இப்போ சின்னப் பசங்க சிரிக்கிறப்போ பல்லு வெள்ளையா தெரியுது. 2013க்கு அப்புறம் பிறந்தவங்க. அவங்களுக்கு 2008 ஏப்ரல் தெரியாது. அதுல ரெண்டு பேர் சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு மாமா வீட்டுக்கே மேட்ச் பார்க்க வர்றாங்க, கோலி ரசிகர்கள். மாமா முறைப்பார், ஆனா உட்கார இடம் கொடுப்பார். நடராஜன் சென்னைக்கு எதிரா பந்து போடுற நாள்ல வீட்டுல ஒரே குழப்பம். அவர் விக்கெட் எடுக்கணும், நம்ம டீமும் ஜெயிக்கணும்.

இந்த வருஷமும் கதவுல ரெண்டு அட்டவணையும் ஒட்டியாச்சு. முதல் மேட்ச் அன்னைக்கு சாயந்திரம் ஆறே முக்காலுக்கு போன் வந்தது. டாஸுக்கு முன்னாடி எப்பவும் வர்ற போன். பிளேயிங் லெவன்ல யாருன்னு கேப்பார்னு நினைச்சு எடுத்தேன்.

"மாப்ள, உங்க ஊர்ல தண்ணி வருதா?"

வருது மாமான்னேன். "சரி, டிவியைப் போடு"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார்.

இன்னைக்கு எபிசோட் இவ்வளவுதான் மக்களே. உங்க ஊர்ல சீசன் தொடங்குறப்போ வீட்டுல என்ன மாறும்னு எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.